டெரெக் ஜீட்டர் உண்மையிலேயே ஓவர்ரேட்டடா, இல்லை எண்களை மட்டும் பார்ப்பவர்களின் எரிச்சலா?

ஜீட்டர் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஷார்ட்ஸ்டாப். இதைக் கேட்ட நீங்கள் அநேகமாக ஒரு யாங்கீஸ் ரசிகரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ரசிகர் "3,465 ஹிட், ஐந்து வேர்ல்ட் சீரிஸ் பட்டம்" என்றிருப்பார். நீங்கள் "ஃபீல்டிங் படுமோசம்" என்றிருப்பீர்கள். இரண்டும் உண்மைதான், அதனால்தான் சண்டை முடியவில்லை. மட்டையைத் தனியாகவும் கையுறையைத் தனியாகவும் எடைபோட வேண்டும்.

முதலில் மட்டை. பேட்டிங் சராசரி (அடிக்கும் வாய்ப்பில் ஹிட் ஆன பங்கு) .310, ஆன்-பேஸ் (எப்படியாவது பேஸை எட்டிய பங்கு) .377, ஹோம் ரன் 260. இதை அப்படியே வேறு காலத்து வீரரோடு ஒப்பிடக் கூடாது. ஜீட்டரின் ஆரம்ப வருடங்கள் எல்லோரும் அடித்து நொறுக்கிய வருடங்கள். அதற்காகத்தான் பேட்டிங்கின் ஒட்டுமொத்த பலத்தைச் சொல்லும் ஓ.பி.எஸ். பிளஸ் என்ற கணக்கு இருக்கிறது: அந்த வருட லீக் சராசரி 100, மைதானத்தின் சாதக பாதகமும் கழிக்கப்பட்டிருக்கும். ஜீட்டருக்கு மொத்த வாழ்க்கைக்கும் 115. "வெறும் 115தானா?" என்று கிண்டல் செய்பவர்கள் அவர் நின்ற இடத்தை மறந்துவிடுகிறார்கள். முதல் பேஸில் நிற்பவருக்கு 115 என்றால் பரவாயில்லை ரகம். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு, அதுவும் இருபது சீசன் நீடித்து 115 என்றால் பெரிய விஷயம். வீரரின் மொத்த மதிப்பைப் போடும் வழக்கமான கணக்கில், நிற்கும் இடத்தின் கஷ்டத்துக்காக 162 ஆட்டங்களுக்கு (ஒரு முழு சீசன்) ஷார்ட்ஸ்டாப்புக்கு சுமார் 7.5 ரன் கூட்டுவார்கள், முதல் பேஸுக்கு சுமார் 12.5 ரன் கழிப்பார்கள். இடைவெளி 20 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று வைத்தால், நிற்கும் இடத்துக்கே வருடத்துக்கு இரண்டு வெற்றி. 1999இல் .349 சராசரி, 24 ஹோம் ரன், 102 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் வந்த ரன்) எடுத்தும் லீக்கின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. வாக்கெடுப்பில் ஆறாவது இடம்தான் கிடைத்தது. அந்த வருடம் அவரை யாரும் தூக்கிவைக்கவில்லை, குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள்.

இப்போது கையுறை. வாதம் செய்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பு செய்யும் இடம் இதுதான். ஃபீல்டிங் சதவீதத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஜீட்டருக்கு .976. சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருதைப் பதிமூன்று முறை வாங்கிய ஷார்ட்ஸ்டாப் ஓஸி ஸ்மித்துக்கு .978. "பார்த்தீர்களா, கிட்டத்தட்ட ஒன்றுதானே!" ஒன்றில்லை. அந்தச் சதவீதம், கைக்கு வந்த பந்தில் எத்தனையைச் சொதப்பினார் என்று மட்டுமே சொல்லும். எட்டாத பந்து கணக்கிலேயே வராது. கிரிக்கெட்டிலும் அப்படித்தானே: பந்துக்குப் பக்கத்திலேயே போகாத ஃபீல்டர் மேல் கேட்ச் விட்ட பழி விழாது. அசிஸ்ட்களை, அதாவது பந்தை எடுத்து வீசி அவுட்டுக்கு உதவிய கணக்கைப் பாருங்கள். ஸ்மித் 2,511 ஆட்டங்களில் 8,375. ஜீட்டர் 2,674 ஆட்டங்களில் 6,605. ஆட்டத்துக்கு 3.3 எங்கே, 2.5 எங்கே.

இந்த இடைவெளி முழுவதையும் ஜீட்டர் தலையில் கட்டக் கூடாது (யாராவது கமென்ட்டில் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்). ஸ்மித் காலத்தில் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட் ஆவது) குறைவு, தரையோடு ஓடிய பந்து அதிகம். பந்து வீசும் பிட்சர் எந்த ரகம், இடது கையால் அடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் எண்ணிக்கையை ஆட்டிவைக்கும். அதனால் வெறும் அசிஸ்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே காலத்தில், அதே மாதிரி பந்துகளுக்கு மற்ற ஷார்ட்ஸ்டாப்கள் என்ன செய்தார்கள் என்று ஒப்பிடும் ரன் கணக்கைப் பாருங்கள். அதிலும் ஒரு சீசனை மட்டும் எடுத்தால் ஏமாறுவீர்கள், குறைந்தது மூன்று சீசன் சேர்த்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் ஜீட்டருக்கு மொத்தம் மைனஸ் 240 ரன்னுக்கும் மேல். எந்த இடத்தில் ஆடியவரையும் சேர்த்தால்கூட, பதிவில் உள்ள மிக மோசமான எண்களில் ஒன்று.

அப்படியானால் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? கணக்குப் போடுங்கள். 240ஐ 2,674 ஆட்டங்களுக்குப் பிரித்தால் 162 ஆட்டத்துக்கு சுமார் 14.5 ரன். அவுட் ஆக வேண்டிய பந்து ஹிட் ஆனால் நஷ்டம் முக்கால் ரன் அளவு. ஆக, ஒரு முழு சீசனில் சுமார் 19 பந்து. எட்டு, ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு பந்து! அதுவும் எப்படிப்பட்ட பந்து? அவருடைய இடப்பக்கம், இரண்டாவது பேஸை ஒட்டி நடுவில் ஓடும் பந்து. டிவியில் பார்த்தால் "நல்ல ஹிட்" என்றுதான் தோன்றும். வலப்பக்கம் ஓடி, எகிறி, காற்றிலேயே திரும்பி வீசும் அந்த ஜம்ப் த்ரோவைத்தான் நூறு முறை திரும்பக் காட்டுவார்கள்.

அடிக்கடி காட்டும் இன்னும் இரண்டு காட்சிகள் வேறு. 2001 அக்டோபர், ஓக்லாந்துக்கு எதிரான நாக்-அவுட் தொடரின் மூன்றாவது ஆட்டம். யாங்கீஸின் ஷேன் ஸ்பென்சர் வீசிய பந்து, அதை நடுவில் வாங்கி மாற்றிவிட நின்ற இரண்டு கட்-ஆஃப் ஆட்களின் தலைக்கு மேலேயும் போய்விட, எங்கிருந்தோ ஓடிவந்த ஜீட்டர் அதைக் கேட்சர் போசாடாவிடம் தட்டிவிட்டு ஓக்லாந்தின் ஜெரமி ஜியாம்பியை அவுட்டாக்கினார். யாங்கீஸ் 1-0 என வென்றது. 2004 ஜூலை 1, பாஸ்டனுக்கு எதிராக 12ஆவது இன்னிங்ஸில் கேட்ச் பிடித்த வேகத்தில் ரசிகர்கள் நடுவே போய் விழுந்தார். இரண்டும் அபாரம். புத்திக்கூர்மைக்கும் துணிச்சலுக்கும் இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ரேஞ்சுக்கு, அதாவது எவ்வளவு தூரத்துப் பந்தை எட்டுகிறார் என்பதற்கு, இது சான்று ஆகாது. அந்த 2004இல்தான் முதல் கோல்டு க்ளவ் கொடுத்தார்கள், மொத்தம் ஐந்து. அப்போது மேனேஜர்களும் கோச்சுகளும் மட்டுமே வாக்களித்தார்கள். 2013இல்தான் புள்ளிவிவரத்துக்கும் அதில் ஒரு பங்கு வந்தது.

அதே 2004இல் அலெக்ஸ் ரோட்ரிகெஸ் யாங்கீஸில் வந்து சேர்ந்தார். முந்தைய இரண்டு வருடமும் ஷார்ட்ஸ்டாப்பாகக் கோல்டு க்ளவ் வாங்கியவர். மூன்றாவது பேஸுக்குத் தள்ளப்பட்டது அவர்தான். இதற்கு ஜீட்டரைத் திட்டுவதைவிட அணி நிர்வாகத்தைத் திட்டுவது நியாயம்.

"பெரிய ஆட்டத்தில் பொளப்பவர்" என்ற பட்டத்துக்கும் ஒரு வார்த்தை. போஸ்ட்சீசனில் (வழக்கமான சீசனுக்குப் பிறகு வரும் நாக்-அவுட் தொடர்கள்) 158 ஆட்டம், அதாவது ஏறக்குறைய ஒரு முழு சீசன். சராசரி .308. வழக்கமான சராசரி .310. எங்கும் எகிறவில்லை, அதே ஜீட்டர்தான். எதிரில் நல்ல பிட்சர்கள் மட்டுமே இருக்கும்போது அதே ஜீட்டராக இருப்பதே பெரிய பாராட்டு என்பேன். அக்டோபர் 31 நள்ளிரவு தாண்டி ஹோம் ரன் அடித்து "மிஸ்டர் நவம்பர்" ஆன அந்த 2001 வேர்ல்ட் சீரிஸில் அவருடைய மொத்தக் கணக்கு 27 வாய்ப்பில் 4 ஹிட்.

மொத்தமாகக் கூட்டினால், மாற்று ஆட்டக்காரரைவிட எத்தனை வெற்றி அதிகம் என்று சொல்லும் 'வார்' கணக்கில் அவர் 71 அருகே. கையுறை நஷ்டமெல்லாம் கழித்த பிறகு! அவருக்கு முந்தைய ஷார்ட்ஸ்டாப்கள் பாரி லார்கின், ஆலன் டிராமெல் இருவரும் 70 சொச்சம். எனவே ஜீட்டர் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதி உள்ளவரா என்றால் சந்தேகமே வேண்டாம். நல்ல ஷார்ட்ஸ்டாப் ஃபீல்டரா என்றால் இல்லவே இல்லை. லார்கினையும் டிராமெலையும் விட வேறு உயரத்தில் நிற்பவரா என்றால் அதுவும் இல்லை. 'ஓவர்ரேட்டட்' என்ற சொல் பொருந்துவது இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். ஹால் ஆஃப் ஃபேமுக்கான பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் ஜீட்டருக்கு 397இல் 396 வாக்கு. லார்கினுக்கு மூன்றாவது முயற்சியில் 86.4 சதவீதம். டிராமெல் பதினைந்து வருடம் வாக்குச்சீட்டில் கிடந்தும் 40.9ஐத் தாண்டவில்லை, கடைசியில் அப்படி விடுபட்டவர்களைப் பரிசீலிக்கும் கமிட்டி வழியாகத்தான் உள்ளே போனார்.

கேட்காததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிராமெலுக்குப் பக்கத்தில் 1,918 ஆட்டங்கள் இரண்டாவது பேஸில் நின்ற லூ விட்டேக்கரின் 'வார்' 75. ஜீட்டரைவிட அதிகம். 2001இல் 2.9 சதவீத வாக்கோடு முதல் வருடமே சீட்டிலிருந்து கிழித்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் கமிட்டி முன் பெயர் வந்தது, 16இல் 6 வாக்கு. அடுத்த மாதம்தான் ஜீட்டரின் 396. அப்போது "அந்த ஒரு வாக்கைப் போடாதவர் யார்?" என்று வாரக்கணக்கில் துப்பறிந்தார்கள். விட்டேக்கருக்கு வாக்களிக்காத பத்துப் பேர் யார் என்று தேடியவர்களை நான் பார்க்கவில்லை.