விசுவாசி ஒருவர் இரட்சிப்பை இழக்க முடியுமா?

சபைக்குச் சபை பதில் மாறும். இழக்க முடியாது என்பது கால்வினியர் (சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் போதனையைப் பின்பற்றுவோர்) நிலை. 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கம் என்ற சபைத் தலைவர்களின் மாநாடு அதை உறுதிசெய்தது. ஆதாரம் யோவான் 10:28: தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்கிறார் இயேசு. விலகிப்போனவர்கள் முதலிலேயே நம்மவர்களாயிருக்கவில்லை என்று 1 யோவான் 2:19ஐயும் காட்டுவார்கள்.

இழக்கலாம் என்கிறார்கள் மெதடிஸ்டுகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தேயினரும். கத்தோலிக்கர் போதனையில் சாவான பாவம், அதாவது தெரிந்தே மனதார செய்யும் கனமான பாவம், அருளைப் போக்கும். ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனம்) அருள் திரும்பக் கிடைக்கும்.

சிக்கலான பகுதி எபிரெயர் 6:4-6. பரிசுத்த ஆவியில் பங்குபெற்றவர்கள் மறுதலித்தால் மறுபடி மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்கிறது. 'அவர்கள் பெயரளவு விசுவாசிகள்' என்ற விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. அதே சமயம், அங்கே பேசப்படுவது தவறி விழுவதல்ல, கிறிஸ்துவையே துணிந்து உதறுவது. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம்தான் 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்றார் இயேசு.