மகன் மரவேலைக்குப் போகலாமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் தாயாருக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகன், பன்னிரண்டாம் வகுப்பான மெட்ரிக்கை முடித்ததும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காமல், கையால் மரச்சாமான் செய்யும் தொழிலைக் கற்கப் போவதாகச் சொல்வதை எழுதியிருந்தீர்கள். "கரும்புத் தோட்டத்தில் கூலியாக உழைத்தவர்களின் பிள்ளைகள் படித்து மேலே வந்தது, மறுபடியும் உளியைப் பிடிக்கவா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வலியை நான் அறிவேன். ஆயினும் பெரியவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். நம்மவர்க்குத் தொழிற்பயிற்சியின் கதவு இந்த நகரத்தில் எளிதில் திறந்துவிடவில்லை, எம். எல். சுல்தான் தம் பொருளைக் கொடுத்ததால்தான் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கென ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இருப்பது அதுதான். கைத்தொழிலை அன்றைய நம்மவர் இறக்கமாக எண்ணவில்லை. 1905ஆம் ஆண்டு வெள்ளத்தில் அம்பிலோ ஆற்றங்கரைக் கோயில் அழிந்தபோது மீட்கப்பட்ட கதவுகள், கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் மீண்டும் பொருத்தப்பட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் சிலரேனும் அறிந்திருப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பையன் போகலாம். ஆனால் "கலைநயத்தோடு செய்கிறேன்" என்று நேரே சொந்தப் பட்டறை போட்டுவிடக் கூடாது. முறையான கேபினெட் மேக்கர், அதாவது மரச்சாமான் தச்சர், பயிற்சியில் சேர்ந்து, தொழில் தேர்வில் (டிரேட் டெஸ்ட்) தேறி, சான்றிதழோடு வெளியே வர வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த நஷ்டம். சில ஆண்டுகளுக்கு முன் டர்பனில் ஒருவரிடம் கியாட் மரத்தில் சாப்பாட்டு மேசை ஒன்று செய்வித்து, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் மகளுக்கு அனுப்பினேன். கியாட் என்பது தமிழ்நாட்டு வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. இழைத்து எண்ணெய் தடவினால் தேன் நிறத்தில் மின்னும். மே மாதம் போன மேசையில், ஆகஸ்ட் முடிவதற்குள், நடுப்பலகையில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசை போட்டு ஒட்டி, அதற்கு மேல் திருகாணியும் இறுக முடுக்கியிருந்தார். கடலோர ஈரத்தில் ஊறிய மரம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் குளிர்காலம் முழுவதும் காற்று வறண்டு கிடக்கும் ஊருக்குப் போனால் சுருங்கத்தான் செய்யும். நீளவாக்கில் மரம் அனேகமாக அசைவதில்லை. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். திருகாணித் துளையை நீள்வட்டமாக வெட்டியிருந்தாலோ, சட்டத்தில் காடி எடுத்து அதில் நகரும் சிறு மரத்துண்டுகளால் பலகையைப் பிடித்திருந்தாலோ, மரம் தன் போக்கில் அசைந்திருக்கும், மேசையும் பிழைத்திருக்கும். செய்து முடிக்க அரைமணி நேரம் கூட ஆகாத வேலை. ஆனால் அது தேவை என்று தெரிவதற்கு, ஈரப்பதத்தை அளந்து பார்த்து மரத்தை எடுக்கும் பழக்கம் வேண்டும்; பக்கத்தில் நின்று திருத்தும் ஆசான் வேண்டும். யூடியூப் பார்த்து இழைப்புளி பிடிக்கலாம். தவறு எங்கே என்று காணொளி திரும்பிச் சொல்லாது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பள்ளியில் கட்டுமானத் தொழில்நுட்பப் (சிவில் டெக்னாலஜி) பாடத்தின் மரவேலைப் பிரிவு இருந்தால் நல்லது. பொறியியல் வரைகலை இருந்தால் இன்னும் நல்லது. கணிதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம். டர்பன் வட்டாரத்தில் தேக்வினி, கோஸ்டல், எலங்கேனி என அரசுத் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. எந்த வளாகத்தில் இந்தத் தொழில் நடக்கிறது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். இக்கல்லூரிகளின் பழைய என்1 முதல் என்3 வரையிலான தொழிற்படிப்பு வகுப்புகள் படிப்படியாகக் கைவிடப்பட்டு, அவற்றின் இடத்தில் புதிய தொழிற்சான்றிதழ்கள் வருவதால், "இதை முடித்தால் தொழில் தேர்வுக்கு உட்கார முடியுமா?" என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். தேர்ந்தெடுக்கும் படிப்பு அதில் அடங்குகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கல்லூரியைவிட முக்கியமானது பயிற்சி ஒப்பந்தம். மரச்சாமான் தொழில், எஃப்பி அண்ட் எம் சீட்டா என்னும் துறைசார் பயிற்சி ஆணையத்தின் கீழ் வருகிறது. முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒப்பந்தம் அங்கே பதிவானதற்கான தாளைப் பார்க்காமல் பையனை வேலைக்கு அனுப்பாதீர்கள். பதிவில்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெருக்கியும் தேய்த்தும் கழித்துவிட்டு, பின்னால் அந்தக் காலத்தைக் கணக்கில் காட்ட முடியாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு.

பயிற்சி பெரும்பாலும் தொழிற்சாலையில்தான் அமையும். அங்கே அழுத்தப் பலகையை இயந்திரத்தில் அறுத்துச் சமையலறை அலமாரி செய்வார்கள். தங்கள் மகன் கனவு காணும் டவ்டெயில், அதாவது புறாவின் வாலைப் போல விரிந்த பல்லைக் கையால் அறுத்துக் கோக்கும் பொருத்து, அங்கே அபூர்வம். அவன் சலித்துக்கொள்வான். சலித்துக்கொள்ளட்டும். அளவு தவறாமல், சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுக்கும் ஒழுங்கை அந்தச் சலிப்பான ஆண்டுகள்தான் தருகின்றன. நுண்வேலையைப் பைன், சலிக்னா (ஒருவகை யூகலிப்டஸ்) மரத்துண்டுகளில் மாலையில் பழகலாம். நைஸ்னாவின் மஞ்சள்மரமும் ஸ்டிங்க்வுட்டும் பாதுகாக்கப்பட்ட மரங்கள். உரிமம் இல்லாமல் வெட்டவோ வைத்திருக்கவோ கூடாது. எனவே யாரேனும் மலிவாகத் தருகிறேன் என்றால் விலகி நிற்கச் சொல்லுங்கள்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நல்ல கை உள்ள பலர் நொடித்துப் போவது மரத்துக்கு மட்டும் விலை போட்டுத் தம் நேரத்துக்கு விலை போடாததால். ஒரு நாற்காலிக்கு நாற்பது மணி நேரம் ஆகிறதென்றால், அந்த நாற்பது மணிக்கும் கூலி, கடை வாடகை, மின்சாரம், உளி தீட்டும் நேரம் எல்லாம் விலையில் ஏற வேண்டும். உறவினர் என்றால் இலவசம் என்ற நம் வழக்கம் இங்கே உதவாது. சித்தப்பா வீட்டு அலமாரிக்கும் ரசீது எழுதத்தான் வேண்டும்.

விரல் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். வட்ட ரம்பத்தில் அந்த ஆபத்து உண்மை. காப்பு மூடியைக் கழற்றி வைத்திருக்கும் பட்டறையில் சேர்க்காதீர்கள். கடினமரத் தூசியும் அதே அளவு கவனிக்க வேண்டியது. அது மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது உறுதியான செய்தி. தூசி உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா, முகமூடி தருகிறார்களா என்று தாங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

ஜூன் விடுமுறையில் பையன் ஓர் இழுப்பறைப் பெட்டி செய்யட்டும். நான்கு மூலையும் கையால் அறுத்தவையாக இருக்கட்டும். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை ராண்டு செலவாயிற்று என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வரச் சொல்லுங்கள். பெட்டியையும் நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஜூலையில் வாருங்கள். நான் முதலில் நோட்டைத்தான் பார்ப்பேன்.