பிரசவத்துக்குப் பிறகு எந்த நாப்கின்?

வாசகர்களின் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து திருச்சியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையை அடுக்கும்போது ஒரு குழப்பம். பழைய வேட்டித் துணியே உடம்புக்கு நல்லது என்கிறார் அம்மா. பெரியவர்களுக்கான டயாப்பரை வாங்கிக்கொள், கறையே படாது என்கிறார் அண்ணி. மாதவிலக்குக்கு நான் வழக்கமாக வாங்கும் மெல்லிய பேடே போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது. எதை வாங்குவது, எத்தனை வாங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் வெவ்வேறு நாள்களுக்குப் பொருந்துபவை. டயாப்பர் முதல் ஓரிரு இரவுகளுக்கு உதவும், மெல்லிய பேட் மூன்றாவது வாரத்துக்குச் சரி, துணி அதற்கும் பிறகு. இடையில் இருக்கும் முதல் பத்து நாள்களுக்குத்தான் நீங்கள் யோசித்து வாங்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கை மாதவிலக்கோடு ஒப்பிட வேண்டாம். கருப்பையின் உட்சுவரில் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம், அது கழன்று வந்தபின், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் புண்ணாக இருக்கும். கருப்பை இறுகிச் சுருங்கச் சுருங்க அங்குள்ள ரத்தக்குழாய்களின் வாய் அடைபடும், புண் சிறுகச் சிறுக ஆறும். அதுவரை வடிவதைத்தான் மருத்துவத்தில் லோகியா என்கிறோம். முதல் மூன்று நான்கு நாள்கள் நல்ல சிவப்பாக, சிறு சிறு கட்டிகளோடு வரும். அதன்பின் நீர்த்து, இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் மாறும். இரண்டு வாரம் நெருங்கும்போது மஞ்சள் கலந்த வெள்ளையாகி, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் இது உண்டு. வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தவர்களுக்கு உதிரப்போக்கே இருக்காது என்று நம்பி ஒரு பேட் கூட எடுத்துவராத குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன்.

எந்த பேட் என்று சொல்வதற்கு முன் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கறை படாமல் காப்பது இந்த நாள்களில் பேடின் இரண்டாவது வேலைதான். எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை நமக்குக் காட்டுவதே அதன் முதல் வேலை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், பிரசவம் முடிந்த ஒரு பெண் இரவு பன்னிரண்டு மணியிலிருந்து விடிவதற்குள் ஏழு பேட்களை மாற்றியிருந்தார். ஒவ்வொன்றையும் அவருடைய தாய் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் ரவுண்ட்ஸ் போனபோது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்து, கை சில்லிட்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அழுக்கு ரத்தம் எல்லாம் போகட்டும்னுதான் டாக்டரம்மா இருந்தேன்" என்றார் அந்தத் தாய். அவர் மகள் மீது உயிரையே வைத்திருந்தவர். அவர் கேட்டு வளர்ந்தது அப்படி, அவ்வளவுதான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று முதல் என்னிடம் வரும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அவருடன் வரும் பெரியவரிடமும் நான் சொல்வது இதுதான்: அது அழுக்கு ரத்தம் இல்லை, உங்கள் உடம்பில் ஓடிய நல்ல ரத்தம்தான். அளவுக்கு மிஞ்சிப் போனால் உயிருக்கு ஆபத்து.

ஆகவே, ஒரு பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் நனைந்துவிட்டாலோ, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தாலோ, தலைசுற்றல், படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், மருத்துவமனையில் இருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள், வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துர்நாற்றமும் 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் கிருமித்தொற்றின் அடையாளங்கள், அவற்றுக்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் வீணாகப் பயப்படவும் வேண்டாம். வெகுநேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து நிற்கும்போது, உள்ளே தேங்கியிருந்தது ஒரே மூச்சாகக் கொட்டும். குழந்தை பால் குடிக்கும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை இறுகுவதால் அடிவயிறு பிசைந்து, உதிரப்போக்கும் சற்றுக் கூடும். இரண்டும் இயல்பானவைதான், சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

இனி பேடுக்கு வருகிறேன். கடையில் "மெட்டர்னிட்டி பேட்" என்று கேட்டுப் பாருங்கள். நீளமாகவும் அகலமாகவும் பஞ்சு அடைத்துத் தடிமனாகவும் இருக்கும். சிலவற்றில் இரு முனைகளிலும் வளையம் வைத்து, இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். அது கிடைக்காத ஊரில், மாதவிலக்குக்கான பேட்களிலேயே இரவுக்கென்று விற்கும் பெரிய அளவை வாங்கினால் போதும். வழக்கமான பேட் 23, 24 செ.மீ. இருக்கும். உங்களுக்கு 32 செ.மீ. அல்லது அதற்கு மேல் தேவை, ஏனென்றால் முதல் நாள்களில் பெரும்பாலும் படுத்தே இருப்பீர்கள், ரத்தம் பின்பக்கமாகத்தான் வழியும். நீளம் உறையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும்.

நீளத்தைவிட முக்கியமானது மேற்பரப்பு. ஒரு பேடைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றின் மேல்பக்கம் பளபளப்பாக, ஊசியால் குத்தியதுபோன்ற துளைகளோடு இருக்கும். அது பிளாஸ்டிக் வலை. அதை முன்கையின் உட்புறத்தில் நாலைந்து முறை தேய்த்தாலே சொரசொரப்பு தெரியும். பிறப்புறுப்பருகே தையல் போட்ட இடத்தில் அது ஒட்டிக்கொண்டு, எழும்போது நூலைப் பிடித்து இழுக்கும்; பிரசவித்த பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். மங்கலாக, துணிபோல மிருதுவாக உள்ள மேற்பரப்பே தையலுக்கு ஏற்றது. வாசனை சேர்த்த பேட் எதுவும் வேண்டாம். அந்த வாசனைப் பொருள் புண்ணை உறுத்தும் என்பது ஒரு காரணம். கெட்ட நாற்றம் வந்தால் அது நம் மூக்குக்கு எட்ட வேண்டும், வாசனை அதை மறைத்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நீங்கள் வழக்கமாக வாங்கும் மெல்லிய பேட் முதல் வாரத்தில் ஏன் வேண்டாம் என்பதும் இதை ஒட்டியதுதான். அதன் உள்ளே தண்ணீர் பட்டால் கூழாகிவிடும் வெண்ணிறத் துகள்கள் இருக்கின்றன. அவை ரத்தத்தை உள்ளிழுத்துக்கொண்டு மேலே உலர்ந்ததுபோலக் காட்டும். மாதவிலக்கில் அது வசதி. பிரசவம் முடிந்த முதல் நாள்களிலோ, எவ்வளவு போயிருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும். பஞ்சு பேடில் நான்கு விரல் அகலம் நனைந்திருக்கிறதா, ஓரம்வரை பரவிவிட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அண்ணி சொன்ன டயாப்பருக்கும் இதே சிக்கல் உண்டு. பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு வரும் முதல் இரவிலும், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் காரில் போகும்போதும் அது உண்மையிலேயே உதவிதான். உள்ளாடை, பேட் என்று இரண்டைச் சமாளிக்க வேண்டியதில்லை. ஆனால் அது கொள்ளும் அளவு மிக அதிகம் என்பதால் நாள் முழுவதும் மாற்றாமலே இருந்துவிடத் தோன்றும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தையல் வெந்து போகும். போட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

அம்மாவின் துணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல முறை துவைத்து நைந்த பருத்தித் துணியைப்போலத் தோலுக்கு இதமானது வேறில்லை. சிக்கல் துவைப்பதிலும் காய்வதிலும்தான். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு எட்டுத் துணி அலச வேண்டியிருக்கும், அதைப் பெரும்பாலும் அம்மாதான் செய்வார். பிறர் கண்ணில் படக்கூடாதென்று குளியலறைக் கதவுக்குப் பின்னால் காயப்போட்டு, அரைகுறை ஈரத்தோடு மறுபடி வைத்தால் புண்ணில் கிருமி சேரும். தையல் ஆறி, போக்கு வெள்ளையாக மாறிய பிறகு துணி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் முதலில் அலசி, பின் சோப்புப் போட்டுத் துவைத்து, சுள்ளென்ற வெயிலில் மொட்டைமாடிக் கொடியிலேயே உலர்த்துங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எண்ணிக்கை: முதல் நான்கு நாள்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 30 பேட். அடுத்த ஒரு வாரத்துக்கு நாளுக்கு ஐந்து வைத்தால் இன்னொரு 35. அதன்பின் சாதாரண அளவிலேயே நாளுக்கு மூன்று நான்கு போதும். மருத்துவமனைப் பையில் 20 இருக்கட்டும், எல்லாவற்றையும் இப்போதே வாங்கிக் குவிக்க வேண்டாம். உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விலை உயர்ந்ததுதான் நல்லது என்பதும் இல்லை. நாப்கின்களுக்கென்று ஐ.எஸ். 5405 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது, உறையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2018 ஜூலையிலிருந்து நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அரசு மருத்துவமனையில் பிரசவமானால், புதுயுகம் திட்டத்தில் பிரசவித்த தாய்மார்களுக்கும் விலையில்லா நாப்கின் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நனையாவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே பேடை வைத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் போகும்போதெல்லாம் மாற்றிவிடுவது எளிய வழி. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பிரசவத்துக்குப் பின் முதல் நாளில் சிறுநீர் முட்டும் உணர்வே சரியாகத் தெரியாது, நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்கவிடாமல் தடுத்து ரத்தப்போக்கை அதிகரிக்கும். எனவே தோன்றாவிட்டாலும் மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை போய்வாருங்கள். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரை முன்னிருந்து பின்னாக ஊற்றிக் கழுவி, மிருதுவான துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பேடைக் கழற்றும்போதும் முன்னிருந்து பின்னாகவே எடுக்க வேண்டும், ஆசனவாய்ப் பக்கத்துக் கிருமி தையலுக்கு வராமல் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது முன்பும் வேண்டும், பின்பும் வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. போக்கு பழுப்பாகிக் குறைந்திருந்தது. நேற்று மாலை திடீரென்று சிவப்பாக வந்தது, இரவுக்குள் குறைந்துவிட்டது. மாதவிலக்கு வந்துவிட்டதா? அவள் அலுவலகத்துக்குச் சென்ற காலத்தில் பயன்படுத்திய மென்ஸ்ட்ருவல் கப்பை இப்போது வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறாள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: மாதவிலக்காக இருக்க வாய்ப்பில்லை. தாய்ப்பால் மட்டுமே கொடுப்பவர்களுக்கு அது வரப் பல மாதங்கள் ஆகும், கொடுக்காதவர்களுக்கும் பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேல்தான். ஆறிவரும் புண்ணின் மேல் கட்டும் பொருக்கு உதிர்வதைப்போல, நஞ்சுக்கொடி இருந்த இடத்திலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் பொருக்கு உதிரும். அப்போது சிறிது நேரம் சிவப்பாகப் போய் நின்றுவிடும். உங்கள் மகளுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். அன்று அவர் படியேறினாரா, துணி துவைத்தாரா, தண்ணீர்க் குடம் தூக்கினாரா என்று கேட்டுப் பாருங்கள், அதிக வேலையும் போக்கைக் கூட்டும். ஆனால் மறுபடி சிவப்பாக வந்து ஓரிரு மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ, கட்டியோ நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ, உள்ளே நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ரத்தப்போக்கு ஆபத்து முதல் நாளோடு முடிவதில்லை, 12 வாரம்வரைகூட வரலாம்.

கப்பும் டாம்பானும் இப்போது வேண்டவே வேண்டாம். கருப்பை வாய் இன்னும் முழுவதும் மூடியிருக்காது. உள்ளே வைக்கும் எதுவும் கிருமியை மேலேற்றிவிடும். ஆறு வாரப் பரிசோதனையில் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வைக்கலாம், அப்போதும் பழைய அளவு பொருந்தாமல் போகக்கூடும். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்கள் சாப்பிட வேண்டும் என்பதையும் மகளுக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: நாளை என் மனைவிக்கு சிசேரியன். நாப்கின் வாங்கிவரச் சொன்னார்கள். இதுவரை நான் வாங்கியதில்லை. கடையில் என்னவென்று கேட்பது?
– ஒரு கணவர், சேலம்

பதில்: "பிரசவம் ஆனவங்களுக்கு, பெரிய சைஸ், காட்டன் மேற்பரப்பு, வாசனை இல்லாதது" என்று கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. அதோடு, வழக்கமான அளவைவிட இரண்டு அளவு பெரிய, தொப்புளுக்கு மேல் ஏறி நிற்கும் பருத்தி உள்ளாடை ஆறு வாங்குங்கள். அடிவயிற்றுத் தையலின் மீது எலாஸ்டிக் பட்டையோ இடுப்புப் பட்டையோ உரசக் கூடாது. அதனால் பட்டையில் மாட்டும் பேட் உங்கள் மனைவிக்கு வேண்டாம், ஒட்டும் வகையே சரி. சிறுநீர் வடியப் பொருத்திய குழாயை எடுத்தபின் முதன்முதலாக எழுந்து நிற்கும்போது நிறையக் கொட்டும், அவரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம். எத்தனை மணிக்குப் பேட் மாற்றினார், எவ்வளவு நனைந்திருந்தது என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மயக்கத்திலும் வலியிலும் இருக்கும் அவருக்கு அது நினைவிருக்காது, ஆனால் மருத்துவர் அதைத்தான் கேட்பார். கடைக்காரர் நாப்கினைச் சுற்றித் தரும் செய்தித்தாளையும் எறிந்துவிடாதீர்கள். மாற்றிய பேடை மடித்துச் சுற்றிக் குப்பைக் கூடையில் போட அது வேண்டியிருக்கும். கழிவறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும்.