இன்சுலின் போடும் அம்மாவுடன் நெடுந்தூர விமானப் பயணம்

களியக்காவிளையிலிருந்து காரில் திருவனந்தபுரம் சென்று, வளைகுடாவில் விமானம் மாறி லண்டன் செல்லவிருக்கும், இன்சுலின் போடும் 68 வயது அம்மாவை எப்படிச் சிரமமின்றி அழைத்துச் செல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்சுலின் முழுவதையும் கைப்பையிலேயே வையுங்கள்; சரக்கறைப் பெட்டியில் அது உறைந்துபோகக்கூடும், ஒருமுறை உறைந்ததை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில், தெளிவான எழுத்தில் இருக்கட்டும் (தமிழக-கேரள எல்லையின் இரு பக்கத்து மருந்துச் சீட்டுகளும் நமக்கே புரிவதில்லை).

பலரையும் குழப்புவது நேரக் கணக்குதான். மேற்கே பறக்கும்போது நாள் நீள்கிறது. லண்டன் நேரம் நம்முடையதைவிடக் கோடையில் 4½ மணியும் குளிர்காலத்தில் 5½ மணியும் பின்தங்கியிருப்பதால், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எப்போது, எத்தனை யூனிட் போடுவது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உணவுக்கு முன் போடும் ஊசியை, தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் போட்டுவிடாமல், சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே போடட்டும். விமானம் குலுங்கினால் பரிமாறுவதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். காற்றழுத்தம் மாறுவதால் இன்சுலின் பேனாவுக்குள் (பேனா வடிவ ஊசிக் கருவி) காற்றுக் குமிழி சேரக்கூடும் என்பதால், முதலில் 2 யூனிட்டை வெளியே தள்ளி, ஊசிமுனையில் துளி தெரிகிறதா என்று பாருங்கள். சர்க்கரை தாழ்ந்தால் குளுக்கோஸே கொடுங்கள். பையிலிருக்கும் நேந்திரங்காய் உப்பேரி (சிப்ஸ்) அதற்கு உதவாது, அதிலுள்ள எண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.