இந்துப்புக்கு மாறினால் பி.பி. குறையுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டி கட்டும் வேலை. போன மாதம் பி.பி. 160/100 இருந்தது. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இவரோ, "வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு உப்பு வேண்டாமா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்கிறார். தினமும் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. இந்துப்புக்கு மாறினால் பயமில்லை என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மாறட்டுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மாறாதீர்கள் அம்மா. இந்துப்பு, கல்லுப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறுவதால் ரத்த அழுத்தம் குறையாது. போதாததற்கு, இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடி, அழுத்தம் ஏறும். வருடக்கணக்கில் இப்படியே போனால் இதயம் தடிக்கும், சிறுநீரகம் பழுதாகும், பக்கவாதம் வரும். இதில் கொடுமை என்னவென்றால், அதுவரை பலருக்கு ஒரு தலைவலிகூட வராது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, கை கால் விழுந்த பிறகு புதுச்சேரிக்குத் தூக்கிவரும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அது நடக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்கும் கீழே. ஒரு சிறிய தேக்கரண்டி அளவு. குழம்பு, ரசம், ஊறுகாய், அப்பளம், டீக்கடை பஜ்ஜி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வேர்வையில் போகும் உப்பு சாப்பாட்டிலேயே திரும்பக் கிடைத்துவிடும். வெயிலில் அவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர்.

சரி, கருவாட்டுக்கு வருவோம். கடலோரத்தில் பிறந்தவரிடம் கருவாட்டை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தினமும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் போதும். உப்பில் ஊறப்போட்ட வஞ்சிரம், வாளையில் 100 கிராமிலேயே ஒரு நாள் உப்பு முழுக்க வந்துவிடும். உப்பு போடாமல் வெயிலில் காயவைத்த நெத்திலி கிடைக்கும், கருவாட்டுக்காரம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாடாக இருந்தால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். அப்புறம் கத்தரிக்காய், மொச்சை, புளி சேர்த்துக் குழம்பு வையுங்கள், தனியாக உப்பு போடாமல். கருவாட்டில் மிச்சமிருப்பதே குழம்புக்குப் போதும்.

பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வையுங்கள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். முதல் வாரம் அவர் முகம் சுளிப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்றும் விற்கிறார்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உப்பைக் குறைத்துவிட்டோமே என்று மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.