மீட்டர் பொய் சொல்லலாம், பெடல் ரப்பர் சொல்லாது
வாசகர் கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகக் காரைப் பற்றித்தான். சின்ன உடம்பு, அதற்குக் கொஞ்சம் அதிகப்படியான இன்ஜின், வயதாகிவிட்ட மீட்டர். என்னிடம் இருப்பதும் அந்த ரகம்தான், 2,74,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதனால் பதில்களில் கொஞ்சம் பாசம் கலந்திருந்தால் கழித்துவிட்டுப் படியுங்கள். இன்னொன்று: சிலர் ‘மைலேஜ் அதிகமான கார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். லிட்டருக்கு எவ்வளவு தரும் என்று பேசுகிறீர்களோ என்று முதல் கடிதத்தில் குழம்பிப்போனேன். ‘நிறைய ஓடின கார்’ என்றே எழுதுங்கள்.

கே: 2007 வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்று விலைக்கு வருகிறது. டர்போ பெட்ரோல், மேனுவல் கியர், 1,84,000 கி.மீ. ‘ஒரே ஓனர், பெரும்பாலும் ஹைவே ஓட்டம்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

விற்பவர்கள் எல்லோரும் ஹைவேயில்தான் ஓட்டுகிறார்கள். ஊருக்குள் ஓடுகிற கார்களெல்லாம் யாருடையவை என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை.

மீட்டரைப் பார்ப்பதற்கு முன் கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடின காரில் அது அதிகம் தேயாது. ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து கோடுகள் அழிந்திருந்தால், அந்தக் கால் சிக்னலுக்குச் சிக்னல் மிதித்த கால். ரப்பர் புத்தம்புதிதாக இருந்தால் இன்னும் உஷார்: எதற்காக மாற்றினார்கள்? ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்கத்து மேடு, கியர் குமிழ், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம், மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, காலையில் போய்ப் பாருங்கள். போனதும் போனட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு டீ குடிக்கிற நேரம் பேசிவிட்டு, ‘இன்னொரு நாள் வருகிறேன்’ என்று கிளம்புங்கள். குளிர்ந்த இன்ஜின் எழுந்திருக்கும் முதல் அரை நிமிடம்தான் உங்களுக்கு வேண்டிய சாட்சி. இந்த இன்ஜினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை, அதனால் அதைக் கழுவிவிட ஆளில்லை. ஆயில் ஆவி படிந்து படிந்து கரி கட்டிக்கொள்ளும். அப்போதுதான் காலையில் கார் குலுங்கி, இருமி, பிறகு சமாதானமாகும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சி அந்தக் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். நல்ல வைத்தியம்தான். ஆனால் அது முன்பு எப்போதாவது நடந்ததா என்று கேட்டு, பில்லைப் பாருங்கள்.

இந்தத் தலைமுறை இன்ஜினுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: கேம் ஃபாலோயர். தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதுதான். ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப்புக்கும், வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டான கேம்ஷாஃப்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தத் தண்டின் மேடான கேம் தள்ளுவதையெல்லாம் வாங்கிப் பம்ப்புக்குக் கொடுக்கும். அதன் தலையில் கறுப்புப் பூச்சு இருக்கும். கறுப்பாக இருக்கும்வரை கவலையில்லை. நடுவில் வெள்ளி வட்டம் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். அதையும் விட்டால் ஓட்டை விழும். அதற்குப் பிறகு பம்ப்பின் தண்டு நேராகக் கேம்ஷாஃப்டையே அரைக்கும், உலோகத் தூள் ஆயிலோடு ஊர்வலம் போகும். ஒரு சின்னத் தொப்பிக்குப் பதிலாகப் பம்ப், கேம்ஷாஃப்ட் எல்லாம் வாங்க வேண்டிவரும். பம்ப்பைக் கழற்றினால் தொப்பி கைக்கு வந்துவிடும், பெரிய வேலை இல்லை. ஆனால் அங்கே பெட்ரோல் கடும் அழுத்தத்தில் இருப்பதால் அழுத்தத்தை இறக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது. வோக்ஸ்வாகன் சொல்லும் 502 00 தர ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

டைமிங் பெல்ட்டுக்கு வருகிறேன், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ரப்பர் பெல்ட் அது. பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொந்த அனுபவம் இது. என் காரை வாங்கும்போது, ‘போன வருஷம்தான் மாத்தினேன் சார்’ என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. நம்பினேன். எட்டு மாதம் கழித்து வாட்டர் பம்ப் ஒழுகியதால் கவரைக் கழற்றினார்கள். பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பல்லுக்கு நடுவே நகத்தை வைத்தால் வெடிப்புக்குள் இறங்கியது. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிருக்கும். நீங்கள் கேட்கும் ஜிடிஐ இன்ஜினும் அப்படி மோதுகிற வகைதான். ரப்பருக்குத் தூரம் மட்டுமல்ல, வருடமும் கணக்கு. பெல்ட் மாற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு: விலையோடு பெல்ட், பம்ப், ஃபாலோயர், எல்லா ஆயில்களும் என்று முதல் மாதச் செலவைக் கூட்டுங்கள். கூட்டின பிறகும் கை நடுங்கவில்லை என்றால் வாங்குங்கள். 200 குதிரைத்திறன், அருமையான கார்.

கே: என்னுடையது 2007 ஹோண்டா சிவிக் எஸ்ஐ, 2,10,000 கி.மீ. ஆறாயிரம் ஆர்பிஎம் கிட்ட வரும் அந்த விடெக் உதை சில வாரமாகக் காணோம். அவசரமாக மூன்றாம் கியர் போட்டால் ‘கர்ர்’ என்கிறது. இன்ஜின் போச்சா, கியர்பாக்ஸ் போச்சா, அண்ணா?

தம்பி, கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கீழே போய் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். கார் சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜின் நின்று சில நிமிடமாவது ஆகட்டும்.

1989-இல் ஹோண்டா இன்டெக்ராவில் முதன்முதலாக வந்ததிலிருந்து விடெக்கின் சூட்சுமம் ஒன்றுதான்: ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளும், அந்தப் பின் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை ஒன்றாகப் பூட்டும், பூட்டியதும் வால்வுகள் உயரமான கேமின் பேச்சைக் கேட்டு இன்னும் அதிகமாகத் திறக்கும். உங்கள் காரில் அது சுமார் 5,800 ஆர்பிஎம்மில். ஆயில் குறைந்து அழுத்தம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் பூட்ட அனுமதிக்காது. அதாவது உங்கள் கார் கெட்டுப்போகவில்லை, தாகம் என்கிறது. இந்த வயதில் எட்டாயிரம்வரை சுழலும் இன்ஜின் ஆயில் குடிக்காமலிருந்தால்தான் ஆச்சரியம். அளவு சரியாக இருந்தும் உதை வராவிட்டால், அந்த ஆயிலைத் திறந்துவிடும் விடெக் சோலனாய்டின் வலை ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் கியர் வேறு கதை. உங்கள் தலைமுறை எஸ்ஐ வைத்திருப்பவர்கள் பலருக்கு அந்தச் சத்தம் பழக்கம். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடுவான் அல்லவா? சிங்க்ரோ வளையம் செய்வது அதைத்தான். கியர் சேர்வதற்கு முன் உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கும். வளையம் தேய்ந்துவிட்டால் ஓடுவதற்குள் கால் தடுக்கிவிடும், ‘கர்ர்’. முதலில் கியர் ஆயிலை மாற்றுங்கள், ஹோண்டா சொல்லும் அதே வகை. ‘கெட்டியானது ஊற்றினால் சத்தம் அடங்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெட்டி ஆயிலில் வளையத்துக்குப் பிடிப்பே கிடைக்காது. பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடுவில் அரை நொடி நின்று போடுங்கள். ஒருநாள் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அந்த நாளைத் தள்ளிப்போடுவது உங்கள் வலது கையில்தான் இருக்கிறது. அல்லது இடது கையில், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

கே: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை. அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை. பயப்படலாமா?

வேண்டாம். பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில் காலையில் எரிகிறது. முழுக்க மிதித்து ஏறும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங்கையோ டர்போவையோ சந்தேகப்படலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆயிலை மேல் கோடுவரை ஊற்றி, தேதியும் மீட்டரும் ஒரு நோட்டில் எழுதி, 1,000 கிலோமீட்டர் கழித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். கால் லிட்டர் என்றால் நான் ஊற்றிக்கொண்டே ஓட்டுவேன்.

கே: 17 வருடக் கார். தாழ்வான ஸ்பிரிங், 19 இன்ச் வீல், இன்ஜின் ரீமேப். எதை முதலில் செய்யலாம்?

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், அதை முதலில் படியுங்கள். 3416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பர் கருங்கல்லாகியிருக்கும். பிறகு பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. மலையிறக்கத்தில் நாலாவது வளைவில் பெடல் பஞ்சாக இறங்கினால் அந்த எண்களின் அர்த்தம் புரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ்கள், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டுகள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால், பள்ளத்தில் ‘டொக்’ என்றால், அவைதான். கடைசியாக ஷாக் அப்சார்பர்.

இவ்வளவும் முடித்த பிறகு கார் புதிதாகத் தெரியும், ஸ்பிரிங் ஆசை பாதி போய்விடும். ரீமேப்புக்கு, அதாவது கம்ப்யூட்டரை மாற்றி எழுதி சக்தி கூட்டுவதற்கு, முன் ஒரு சோதனை: காலியான சாலையில், மேல் கியரில், மெதுவான வேகத்திலிருந்து முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இருக்கிற குதிரைகளையே பிடித்து நிறுத்த முடியாத கிளட்ச்சிடம் இன்னும் நாற்பது குதிரையை அனுப்பாதீர்கள்.

19 இன்ச்? வேண்டவே வேண்டாம். 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயின் எடை 810 கிலோ, சக்தி 110 குதிரைத்திறன். அந்த ரகத்துக்கே துள்ளல் வந்தது எடை இல்லாததால். நீங்கள் காசு கொடுத்து நாலு மூலையிலும் கனத்தைக் கட்டப் பார்க்கிறீர்கள்.

கே: அப்பாவிடம் ஒரு பழைய ஹாட்ச்பேக், 2,30,000 ஓடியது. சத்தம், குலுக்கல், ஏசியும் அரைகுறை. விற்க மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது, சார்?

காரை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கூட நில்லுங்கள், அம்மா. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற விளிம்பு, பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம், இரண்டையும் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கட்டும். துருப்பிடித்து உள்ளே இறங்கினால் விவாதமே வேண்டாம், பாதுகாப்பு போய்விட்டது. அப்பாவே ஒத்துக்கொள்வார். ‘டங்’ என்று சத்தம் வந்தால் உங்கள் வழக்கு பலவீனம். சத்தத்துக்கு இன்ஜின் மவுன்ட், குலுக்கலுக்கு டயர் பேலன்ஸ், ஏசிக்கு எங்கே கேஸ் கசிகிறது என்று ஒரு சோதனை, மூன்றும் தீரக்கூடியவை.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். பிறகு வளைவுகள் உள்ள காலிச் சாலையில் இரண்டாம் கியரில் ஒருமுறை முழுக்க இழுத்துப் பாருங்கள். அப்பாவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள், ஆனால் பேசவிடாதீர்கள். அப்புறமும் விற்கத்தான் வேண்டுமென்றால், விளம்பரம் கொடுக்கும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன மாடல் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?