கர்ணனைக் காப்பாற்ற ஒரு பொத்தான்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கம்பனைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தவறாமல் வாசிக்கிறேன். இம்முறை ஒரு மனக்குறையைச் சொல்லவே எழுதுகிறேன்.

மகள் குடும்பம் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது ஒரு பழைய வீடியோ கேம் கருவியையும் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் அதில் சோனிக் என்னும் நீல முள்ளெலியின் விளையாட்டுகளை ஆடுகிறான். ஒன்றில் அந்த முள்ளெலி ஆயிரத்தொரு இரவுகள் கதைக்குள் புகுந்து அலிபாபாவைச் சந்திக்கிறது. இன்னொன்றில் வாளும் கையுமாக ஆர்தர் அரசன் கதைக்குள் போகிறது. “பாட்டி, ஆர்தர்னு ஒருத்தர் கிடையவே கிடையாது. நிஜமான ராஜா சோனிக்தான்” என்று அவன் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. ஆர்தர் கதையின் சுருக்கப் பதிப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. போன வாரம், “கர்ணனைக் காப்பாத்துற மாதிரி கேம் இருக்கா பாட்டி?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூலநூலைப் படித்த பிறகே இவற்றைத் தொட வேண்டும் என்று நான் நினைப்பது தவறா? பெருங்கதைகளை இப்படிப் பிய்த்துப் போட்டு விளையாடலாமா?

ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்

*

மதிப்பிற்குரிய அம்மா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான் வீடியோ கேம் ஆடுபவன் அல்லன். ஆடுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவன். விடுமுறைக்கு ஏற்காடு வரும் என் அண்ணன் மகன்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஆசான். நீங்கள் குறிப்பிடும் இரண்டையும் அவன் ஆட, இரண்டு இரவுகள் கூட இருந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

அவை ஜப்பானின் செகா நிறுவனம் நின்டெண்டோ வீ கருவிக்காக 2007இலும் 2009இலும் வெளியிட்டவை. சோனிக் வரிசையின் முதன்மைக் கதையோடு அவற்றுக்கு ஒட்டும் உறவும் குறைவு என்பதால் கிளைக்கதைகள் என்றே சொல்லிவிடலாம். முதலாவதில், விளக்கிலிருந்து வந்த ஒரு பூதம் ஆயிரத்தொரு இரவுகள் நூலின் பக்கங்களை அழித்துக்கொண்டே போகிறது. அதைத் தடுப்பதற்காக, மோதிரத்தில் வாழும் ஷாரா என்ற பெண்பூதம் சோனிக்கை நூலுக்குள் அழைத்துச் செல்கிறாள். உள்ளே போனால் எதிர்ப்படுபவை அவனுடைய பழைய நண்பர்களின் முகங்கள். ஆனால் ஒருவன் அலிபாபா, மற்றொருவன் சிந்துபாத், அவனுடைய பரம வைரியான விஞ்ஞானியோ ஷாரியார் மன்னன்; ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரிவதில்லை. இதைப் பார்த்ததும் எனக்கு நம் பக்கத்துக் கூத்துதான் நினைவுக்கு வந்தது. பகலெல்லாம் தறியில் உட்கார்ந்திருந்தவர் இரவில் துரியோதனனாக வேஷம் கட்டித் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறார். அவர் இன்னார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் திரை விலகிய பின் அவர் யாரையும் தெரிந்தவராகக் காட்டிக்கொள்வதில்லை. கட்டியங்காரன் ஒருவன் மட்டும் இந்த ஊர்க்காரனாகவே நின்று, அரசனிடமே நக்கலாகக் கேள்வி கேட்டு, நமக்கும் கதைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருப்பான். சோனிக் அந்தக் கட்டியங்காரன். முள்ளெலி ஏன் அங்கே போகிறது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. கட்டியங்காரன் இல்லாமல் எந்த ராஜா நம் களத்துக்குள் வந்திருக்கிறார்?

பேரன் சொன்னது அந்த இரண்டாம் விளையாட்டின்படி சரியே. வாளுறையின் மந்திர ஆற்றலால் சாவை வென்று கெட்டுப்போன ஆர்தரை எதிர்க்க, மந்திரவாதி மெர்லினின் பேத்தி மெர்லினா சோனிக்கை வரவழைக்கிறாள். ஆர்தர் வீழ்ந்த பிறகுதான் அவன் மெர்லின் உண்டாக்கிய வெறும் மாயத்தோற்றம் என்பது வெளிப்படுகிறது. பேசும் வாள் யாரைத் தேர்ந்துகொண்டதோ அவனே அரசன் என்று கதை முடிகிறது. எனக்கு இந்தத் திருப்பம் பெரிதாகப் படவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியவள் மெர்லினா. தன் நாடு ஒருநாள் அழியப்போகிறது என்று அறிந்தவள் அவள். அதனாலேயே அந்த உறையைத் தான் எடுத்துக்கொண்டு, அழிவே இல்லாத ஒரு நாட்டைப் படைக்கத் துணிகிறாள். முடிவு தெரிந்த கதையை முடியவிடக் கூடாது என்று துடிக்கிறாள். மாலரி தொகுத்து, காக்ஸ்டன் 1485இல் அச்சிட்ட ஆர்தர் நூலின் பெயரே ‘ஆர்தரின் மரணம்’ என்பதுதான். அந்த மரணத்தை ஒத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்ணை அதே கதைக்குள் கொண்டுவந்து வைத்தது நல்ல கற்பனை. உங்கள் பேரன் கர்ணனைப் பற்றிக் கேட்ட கேள்வியும் மெர்லினாவின் கேள்வியே. அதைப் பிறகு பார்ப்போம்.

மூலநூல் முதலில் என்கிறீர்கள். எந்த மூலம் என்றுதான் நான் கேட்பேன். அலாவுதீனும் அலிபாபாவும் பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் அந்நூலை மொழிபெயர்த்த அந்த்வான் கலான், அலெப்போவிலிருந்து பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற கதைசொல்லியிடம் கேட்டு அவற்றைச் சேர்த்தார். லான்சலாட் இல்லாத ஆர்தர் சபையை இன்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வீரனை ஆர்தர் கதைக்குள் கொண்டுவந்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் த த்ருவா. கம்பனின் இரணியன் வதைப் படலம் வால்மீகியில் கிடையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மதுரையை ஆண்ட அல்லி, வியாசரிடம் அந்தப் பெயரில் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகத்தில் அவள் அர்ச்சுனனை அலைக்கழிப்பதை நம் பாட்டிமார் ராகம் போட்டு வாசித்தார்கள். போர்க்களத்தில் அந்தணனாக வந்து நிற்கும் கண்ணனிடம் கர்ணன் தன் புண்ணியம் அனைத்தையும் இரத்தத்தால் தாரைவார்க்கும் இடம், தமிழன் மகாபாரதத்தில் அதிகமாகக் கண்ணீர் விட்ட இடம், அதுவும் வியாசருடையது அன்று. நமக்கு வில்லிபுத்தூரார் தந்தது. கூத்தில் கர்ணன் களத்துக்குப் புறப்படும்போது மறித்துப் பேசும் அவன் மனைவி பொன்னுருவியும் நம் ஊர்ப் பெண்தான். ஆடி மாதம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அங்கே மாட்டுவண்டிமேல் சிவனாகவும் முருகனாகவும் வேடமிட்டு அசையாமல் நிற்பவர்களைப் பார்த்துத்தான் சேலத்துப் பிள்ளைகள் புராணம் படித்தார்கள், நூலைப் பார்த்தல்ல.

ஆகவே, மாற்றலாமா என்பது என் கேள்வியில்லை. இந்த வடிவத்தில் கதை கேட்பவனுக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. அவன் கை எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கை செய்யும் காரியமும் கதை சொல்லும் காரியமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டுமே நான் பார்க்கிறேன். ஆர்தர் விளையாட்டு இங்கேதான் தவறுகிறது. மெர்லினாவின் துயரமெல்லாம் உரையாடலோடு நின்றுவிட, ஆடுபவன் ரிமோட்டை வாளாக நினைத்து வீசிக்கொண்டிருப்பதோடு சரி. அண்ணன் மகன் வீசிய வீச்சில் என் காபி டம்ளர் கவிழ்ந்ததைத் தவிர அந்த வாளால் எனக்கு எந்த அனுபவமும் கிட்டவில்லை.

இதைவிட மோசமானவை உண்டு. 2010இல் இத்தாலியக் கவி தாந்தேயின் நரகக் காண்டத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் விளையாட்டாக வெளியிட்டது. காவியத்தில் தாந்தே நடப்பவன், கேட்பவன், அஞ்சுபவன். பிரான்செஸ்கா தன் காதல் அழிந்த கதையைச் சொல்லும்போது இரக்கம் தாளாமல் மயங்கி விழுபவன். விளையாட்டிலோ அவன் சிலுவைப் போர் வீரன். மரணத் தேவனையே வென்று பறித்த அரிவாளோடு நரகத்தைச் சுற்றிச்சுற்றி வெட்டுகிறான். எதிர்ப்படும் பாவிகளை மன்னிப்பதா தண்டிப்பதா என்ற அதிகாரமும் ஆடுபவனுக்கே தரப்பட்டிருக்கிறது. தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, அதன்முன் மனிதனால் அழத்தான் முடியும் என்பதே அந்தக் காவியத்தின் பயங்கரம். மன்னிக்க ஒரு பொத்தான் வந்தவுடன் அந்த நரகம் ஒரு கிடங்காகிவிடுகிறது. நரக வட்டங்களின் பெயர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. அதனால் என்ன பயன்?

மறுபக்கம், மூன்று நாடுகளின் காதை என்னும் சீனப் பெருநாவல். ஜப்பானின் கோயெய் நிறுவனம் 1985இல் அதை நிதானமாக யோசித்து ஆடும் உத்தி விளையாட்டாக்கியது. 1997இல் அதிலிருந்து ஒற்றைக்கு ஒற்றை மோதும் சண்டை விளையாட்டு ஒன்று கிளைத்தது. 2000இல் வந்த அதன் அடுத்த பகுதியில் ஒரே வீரன் ஒரு படையையே துவைத்து எடுக்கலானான். டைனாஸ்டி வாரியர்ஸ் என்ற அந்த விழுது இன்று தாய்மரத்தை மறைத்து நிற்கிறது. இலக்கியமாகப் பார்த்தால் மேலோட்டமானதுதான். ஆயினும் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை தன் நாயகனைப் பற்றிக் கொள்ளும் மிகைக்கு அது நேர்மையாக இருக்கிறது. நம் கூத்தில் பீமன் குதித்து இறங்கும்போது பந்தல் கால் ஆடும் அல்லவா, அந்த மிகை. 2013இல் வந்த எட்டாம் பாகத்தில், சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் கதை நாவலை விட்டு விலகி, தோற்றவர்கள் வெல்லும் வழியில் போகும். உங்கள் பேரன் கேட்பது ஏறக்குறைய இதைத்தான்.

2024 ஆகஸ்டில் வெளிவந்த சீன விளையாட்டான பிளாக் மித்: வூகோங் இன்னும் சூட்சுமமாக யோசிக்கிறது. குரங்கரசனை நாயகனாகக் கொண்ட ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் பழைய சீன நாவலை அது மறுபடி சொல்லவில்லை. பயணம் முடிந்து, குரங்கரசனும் வீழ்ந்த பிறகு, பெயரில்லாத இன்னொரு குரங்கு அவனுடைய எச்சங்களைத் தேடிப் போகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் தலையில்லாத துறவி ஒருவர் நரம்பிசைக் கருவியை மீட்டிக்கொண்டு, வட ஷான்சி நாட்டுப்புறக் கதைப்பாட்டு மெட்டில் பாடுகிறார். எங்கோ சீனத்துச் சிற்றூரின் கதைசொல்லியின் குரலை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவன் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அலாஸ்காவின் இனுப்பியாக் மக்களின் கதையைக் கொண்டு 2014இல் வந்த நெவர் அலோன் எனக்கு இவை எல்லாவற்றிலும் நெருக்கமானது. ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடி நூனா என்ற சிறுமியும் ஒரு வெண்ணரியும் போகிறார்கள். இருவரையும் மாற்றி மாற்றி இயக்கினால்தான் வழி திறக்கும், ஒருவரை விட்டு மற்றவர் நகர முடியாது. கதை சொல்வதும் கை செய்வதும் ஒன்றே. அம்மக்களின் மூத்தோரும் கதைசொல்லிகளும் உடனிருந்து உருவாக்கியது; கதை ஒலிப்பதும் அவர்களுடைய மொழியிலேயே. என் வீட்டுக்கு மேலே சேர்வராயன் குகைக்கோயில் இருக்கிறது. அந்தக் குகை தலைக்காவிரி வரை போகிறது என்ற நம்பிக்கையும், காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் மலையேறி வந்த, இம்மலைப் பழங்குடிகளான மலையாளி மக்களின் கதையும், நாளைக்கு யாராவது ஒரு நிறுவனத்தின் கண்ணில் பட்டால் நன்றாக விற்கும். அப்போது நான் கவலைப்படுவது கதை மாறிவிடுமே என்றல்ல. அந்த மேஜையில் மலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பாரா என்றுதான்.

இனிக் கர்ணன். அவனைக் காப்பாற்றும் விளையாட்டை ஒருவர் எளிதாகச் செய்துவிடலாம். தேர்ச்சக்கரம் மண்ணில் அழுந்தும்போது நாலு பொத்தான்களை வேகமாக அழுத்தினால் தேர் மேலே வந்துவிடும். ஆனால் கர்ணன் சாவது சக்கரத்தால் அன்று. அவனுக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் போகவில்லை, வழிமேல் வழி வந்தது. போருக்கு முன்பே கண்ணன் வந்து பிறப்பைச் சொல்லி, மூத்தவன் நீயே, அரசு உனதே என்றான். குந்தி வந்து மகனே என்றாள். கவசத்தைக் கேட்டு வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே அறுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து சாத்தியவன் அவனேதான்.

நான் விரும்பும் விளையாட்டு அந்தக் கதவுகளை ஆடுபவன் கையில் விடும். கண்ணன் அரசைத் தருகிறேன் என்னும்போது, சரி என்று அழுத்தலாம். அழுத்தினால் பேரன் நினைத்ததுபோலவே கர்ணன் பிழைப்பான், முடிசூடுவான். பிறகு களத்தில் எதிரே துரியோதனன் நிற்பான், தன்னை அங்க நாட்டுக்கு அரசனாக்கியவன். அவன்மேல் முதல் அம்பை விட வேண்டிய பொத்தானும் பேரன் கையிலேயே இருக்கும். அங்கே அவன் எவ்வளவு நேரம் தயங்குகிறான் என்று உங்களோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆசை. அப்படி ஒரு விளையாட்டு வந்திருப்பதாக நான் அறியவில்லை. பேரனிடம் சொல்லுங்கள், அவனே ஒருநாள் செய்யட்டும்.

ஆர்தர் நூலை அவன் இப்போதைக்கு மூடி வைத்ததில் குற்றமில்லை. மேட்டூர், எடப்பாடிப் பக்கம் எங்காவது கர்ண மோட்சம் கூத்து வைத்தால் உங்களுக்கு எழுதுகிறேன். அவனை அழைத்து வாருங்கள். போர்வை ஒன்று கொண்டுவர வேண்டும். நள்ளிரவுக்குமேல் அவன் தூங்கிவிடுவான், தூங்கட்டும். பொன்னுருவி வழிமறிக்கும்போது எழுப்பிவிட்டால் போதும்.